தவளை, தட்டான், குருவிக்காக வீட்டுத் தோட்டத்தில் குட்டை: மேஸ்திரி சொல்லும் சிமெண்ட் தொட்டி சரிப்படுமா?

மேட்டாங்காடு:

வணக்கமுங்க. சூலூர் பக்கம் பத்து சென்ட் இடம், வீடு போக ஆறு சென்ட் தோட்டம். கிழக்குப் பக்கம் ஒரு குட்டை எடுக்கலாம்னு இருக்கோம். மீன் வளர்க்கிற எண்ணம் இல்லை. தவளை, தட்டான், குருவி, தேனீ எதுவானாலும் தானா வந்து தங்கணும், அவ்வளவுதான்.

இடம் 14க்கு 10 அடி. காலை வெயில் நல்லா விழும். மூணு மணிக்கு மேல மேற்கே நிக்கிற புங்கமரத்து நிழல் வந்துடும். மரம் 12 அடி தள்ளி இருக்கு. மண் கரிசல். போர் தண்ணி சப்பை, கரைஞ்ச உப்பைக் காட்டுற டிடிஎஸ் 1400. நல்ல தண்ணி வீட்டுக்கே சரியாப் போகும். மாடி 600 சதுர அடி, மழைத்தண்ணிக் குழாய் எல்லாம் ஒரே மூலையில இறங்குது.

மேஸ்திரி நாலடி ஆழத்துக்குச் செங்கல் வெச்சு நேர் சுவர் கட்டிப் பூசிடலாம், அதுதான் நிலைக்கும்கிறார். பக்கத்து வீட்டுல கொசு வரும், பாம்பு வரும்னு இப்பவே பேச்சு. வீட்டுல நாலு வயசுப் பையன் இருக்கான். எப்படி எடுக்கிறது, என்ன செடி வைக்கிறது, கொசுவுக்கு என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டியூப்லெவல்:

மேஸ்திரி சொல்வது தண்ணீர் சேமிக்கும் தொட்டி. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல, சரிவாக வெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிற குட்டை.

நேர் சுவரில் இரண்டு கோளாறு. ஒன்று, உள்ளே விழுந்தது ஏற முடியாது. ஓணான், அணில், குருவிக்குஞ்சு, அப்போதுதான் வால் உதிர்த்துக் கரையேறப் பார்க்கும் தேரைக்குஞ்சு எல்லாம் சுவரோரமாகவே நீந்திச் சோர்ந்து சாகும். இரண்டு, கரிசல் மண். ஐப்பசியில் ஊதும், சித்திரையில் வெடிக்கும். கம்பி கட்டாத செங்கல் சுவர் அந்த இழுப்புக்கு ஒன்றிரண்டு கோடையில் கீறல் விடும். கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் நிற்கும், ஆனால் அந்தச் செலவுக்கு இது தகுந்த வேலையே இல்லை.

நாலடி ஆழமும் வேண்டாம். இந்த வகைக் குட்டையில் உயிர் அதிகம் இருப்பது முதல் ஒன்றரை அடித் தண்ணீரில்தான். நடுவில் ஒரு சின்ன இடம் இரண்டரை அடி இருந்தால் கோடையில் கடைசித் தண்ணீர் அங்கே தங்கும். மீதிக் கவனம் முழுக்கக் கரைச் சரிவில் இருக்கட்டும்.

14 அடி நீளத்தை இப்படிப் பிரியுங்கள். கிழக்கு ஓரத்தில் முதல் 2 அடிக்கு வெறும் 3 அங்குலம்தான் இறக்கம். குருவி குளிப்பதும் தேனீ தண்ணீர் எடுப்பதும் இங்கேதான். அடுத்த 5 அடியில் 3 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குப் போக வேண்டும், அதாவது நாலுக்கு ஒன்று சரிவு. அப்புறம் 3 அடி அகலத்துக்கு இரண்டரை அடிப் பள்ளம். மிச்சமுள்ள 4 அடியில் மேற்குக் கரைக்கு ஏறும் வழியில், 10 அங்குல ஆழத்தில் ஓர் அடி அகலத் திட்டு விடுங்கள். செடிக் கூடைகள் அதில் உட்காரும். மூலைகள் இல்லாமல் முட்டை வடிவில் வெட்டுங்கள். மேல்பரப்பு ஏறத்தாழ 110 சதுர அடி வரும், கொள்ளளவு 3,000 லிட்டரை ஒட்டி இருக்கும்.

வெட்டும் முன் கரை முழுவதும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து முளை அடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 2 அங்குலம் தாழ்ந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே வழியும், எதிர்ப்பக்கத்தில் ஷீட் வெளியே தெரியும். பிறகு சரிசெய்ய முடியாத பிழை இது ஒன்றுதான்.

ஷீட்: பண்ணைக்குட்டைக்கு விற்கிற 500 மைக்ரான் எச்டிபிஇ. நீலத் தார்ப்பாய் வெயிலில் பொடிந்துபோகும். அளவுக்குக் கணக்கு: நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கு, அதோடு கரைக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி. 14+5+3=22. அகலத்துக்கு 10+5+3=18. ஆக 22க்கு 18 அடி, ஒரே துண்டாக வாங்குங்கள். கடையில் ஒட்டித் தருகிற இணைப்பு தாங்கும், வீட்டில் பசை போட்டு ஒட்டுவது தாங்காது.

அடுக்கு கீழிருந்து மேலே: வேர்த்துண்டு, சுண்ணாம்புக்கல் முனை எல்லாம் பொறுக்கிய தரை, சலித்த மணல் 3 அங்குலம் (கரிசல் வெடிக்கும்போது ஷீட் இழுபடாமல் நகர இது உதவும்), 200 ஜிஎஸ்எம் ஜியோ டெக்ஸ்டைல் (மண்ணுக்கடியில் போடும் கெட்டித் துணி), ஷீட், சரிவில் மட்டும் அதன்மேல் தென்னை நார்ப் பாய், அதன்மேல் மண். ஜியோ டெக்ஸ்டைலுக்குப் பதில் பழைய சாக்கு போடலாம் என்பார்கள். கரையான் தின்றுவிடும்.

தென்னை நார்ப் பாயைச் செலவென்று விட்டுவிடாதீர்கள். வெறும் ஷீட்டில் பாசி படிந்தால் தவளைக்கே வழுக்கும். மண்ணும் சரிவில் நிற்காமல் பள்ளத்துக்கு இறங்கிவிடும். வெயிலில் காய்கிற கறுப்பு ஷீட்டைத் தேரைக்குஞ்சு தாண்டவே முடியாது.

ஷீட்டை விரித்து ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் இளகி மடியும். தண்ணீர் ஏற ஏற மடிப்பை ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். நிறைந்து ஒரு நாள் போகும்வரை விளிம்பை வெட்ட வேண்டாம்.

விளிம்பு முடிக்கும்போது ஷீட்டின் நுனி மண்ணுக்குள் மேல்நோக்கி நின்று முடிய வேண்டும். படுக்கப் போட்டு மேலே மண்ணும் புல்லும் மூடினால், வெளிமண் குட்டைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். "ஷீட் ஓட்டை" என்று வருகிற புகாரில் பாதி இதுதான். சோதிக்க வழி: ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றிக் குட்டை ஓரத்திலேயே வையுங்கள். 24 மணி நேரத்தில் வாளியும் குட்டையும் ஒரே அளவு இறங்கினால் ஆவிதான். குட்டை மட்டும் கூடுதலாக இறங்கினால் முதலில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், பிறகு ஓட்டை தேடலாம்.

வழிவுக்கு 2 அங்குல பிவிசி குழாய், வாயில் வலை, வடிவது 10 அடி தள்ளி ஒரு மழைநீர்க் குழிக்குப் போகட்டும். வீட்டு அஸ்திவாரப் பக்கம் சரித்துவிடாதீர்கள். பெருச்சாளித் தொல்லை இருந்தால் கரையைச் சுற்றி அரை அங்குல வெல்டுமெஷ் கம்பிவலையை ஒன்றரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதையுங்கள். அடியிலிருந்து ஷீட்டைக் கடிக்கும்.

ஆவணிக்குள் வெட்டி முடித்தால் ஐப்பசி மழைக்குத் தயாராக இருக்கும். 600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கு, சேதாரம் போக 450 லிட்டர் கிடைக்கும். 70 மி.மீ. பெய்தால் குட்டை நிறைந்துவிடும். முதல் மழையின் எச்சமும் தூசியும் மட்டும் உள்ளே வராமல் வெளியே விடுங்கள்.

---

வண்ணமீன்:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கொசுவுக்கு 20 கப்பி மீன் விட்டா முடிஞ்சுது. சுகாதாரத்துறையே இலவசமா குடுக்கறாங்க, தீனியும் போட வேண்டாம். கம்பூசியா மீன் இன்னும் வேகம். மீனே இல்லாம தண்ணிய நிறுத்தி வெச்சா டெங்கு ஆய்வுக்கு வர்றவங்க அபேட் கொசுமருந்து ஊத்திட்டுத்தான் போவாங்க, பாத்துக்குங்க.

---

ஊசித்தட்டான்:

கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் கப்பி சரி நண்பரே. அங்கே காப்பாற்ற வேறெதுவும் இல்லை. இவர் கேட்பது தவளையும் தட்டானும் வருகிற குட்டை. அங்கே கப்பியை விட்டால் கேட்டதற்கு நேர் எதிரான வேலை நடக்கும்.

இரண்டு மீனுமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கம்பூசியா இந்தியாவுக்குள் வந்தது 1928இல், கொசுவுக்காகத்தான். அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை. தவளை முட்டை, தலைப்பிரட்டையின் வால், தட்டானின் இளசு, மற்ற மீன்களின் குஞ்சு எல்லாவற்றையும் கடிக்கும். கப்பி கொஞ்சம் சாது, ஆனால் குட்டி போட்டுப் பெருகுகிற வேகத்தில் மூன்று மாதத்தில் 20 என்பது நூறைத் தாண்டும். அதன் கழிவே பச்சைத் தண்ணீருக்கு உரம். பெருமழையில் வழிவுக் குழாய் வழியாக ஓடைக்கும் போய்விடும். உள்ளூர் மீன் என்றாலும் என் பதில் இதுதான். இவ்வளவு சிறிய குட்டையில் மீன் அல்லது தவளை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்த் தவளை இனங்கள் பலவும் மீன் இல்லாத மழைக்குட்டையைத் தேடித்தான் முட்டையிடுகின்றன.

இனி கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் குட்டைக் கொசு அல்ல, பாத்திரக் கொசு. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, டயர், தேங்காய்த் தொட்டி போன்றவற்றின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே குட்டையைக் குறை சொல்லுமுன் அதைச் சுற்றி அழகுக்கு வைக்கிற மண்சட்டி, குழிவான கல், தாமரைத் தொட்டி இவற்றைப் பாருங்கள். நிரந்தரத் தண்ணீரில் வேட்டையாடிகள் இருக்கும், இவற்றில் இருக்காது.

குட்டையில் யார் வேட்டையாடுவது? முதலில் வருவது மல்லாந்து நீந்துகிற பூச்சி. துடுப்புப் போல இரண்டு நீளக் கால்கள், வயிறு மேலே பார்த்தபடி நீர்ப்பரப்புக்கு அடியில் தொங்கும். கொசுப்புழுதான் அதற்கு விருப்ப உணவு. கையில் எடுத்தால் சுருக்கென்று குத்தும், பையனிடம் சொல்லி வையுங்கள். அடுத்து நீர்வண்டு. இரண்டும் பறந்தே வரும், நாம் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. பிறகு தட்டான் முட்டையிட்டு அதன் இளசுகள். சேற்று நிறத்தில் அசையாமல் கிடக்கும். இரை அருகில் வந்ததும் தாடைக்கடியில் மடித்து வைத்திருக்கும் உதட்டை முன்னால் வீசிப் பிடிக்கும்.

ஆபத்தான காலம் தண்ணீர் நிரப்பிய முதல் மூன்று நான்கு வாரம். கொசு மறுநாளே வந்துவிடும், வேட்டையாடிகள் பெருக நாள் பிடிக்கும். அந்த இடைவெளிக்கு மட்டும் பிடிஐ பயன்படுத்துங்கள். அது ஒரு பாக்டீரியா. புழு தின்றால் குடல் புண்ணாகிச் சாகும். தலைப்பிரட்டை, தட்டான், வண்டு எதையும் தொடாது. கொசுவின் உறவுக்காரக் குட்டி ஈக்கள் சில மட்டும் சேர்ந்து போகும். பொடி, திரவம், துகள் என்று வகைக்கு வகை வீரியம் மாறுவதால் அளவு டப்பாவில் எழுதியபடி. கூட்டுப்புழு எதையும் தின்னாது, எனவே காற்புள்ளி வடிவத்தில் சுருண்டு உருள்கிற பருவம் வந்தபின் போட்டுப் பயனில்லை. வாரம் ஒருமுறை சோதித்து, புழு தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

சோதிக்க வெள்ளைக் கிண்ணம் ஒன்று. கரையோரம், செடி அடர்ந்த இடம், நிழல் பக்கம் என்று பத்து இடத்தில் சட்டென்று முகந்து பார்க்க வேண்டும். நிழலைக் கண்டதும் புழு கீழே போய்விடும் என்பதால் குனிந்து நின்று நோட்டம் விட்டபின் முகந்தால் ஒன்றும் அகப்படாது.

ஆய்வுக்கு வருகிறவர்களைப் பற்றி: அவர்கள் வேலை அவர்களுக்கு. கூட நின்று பத்துக் கிண்ணம் முகந்து காட்டுங்கள். கொசுப்புழு இல்லை, தட்டான் புழு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அபேட் பூச்சிக்கொல்லி வகை. ஊற்றினால் கொசுப்புழுவோடு அதைத் தின்கிறவையும் சாகும். அவை திரும்ப வருமுன் கொசு வந்துவிடும். மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் மேலே ஊற்ற வேண்டாம். பரப்புக்கு வந்து மூச்சு வாங்குகிற எல்லாவற்றுக்கும் அது தூக்குக்கயிறு.

தட்டானுக்கு இன்னும் இரண்டு. தண்ணீருக்குள்ளிருந்து மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள் நாலைந்து நடுங்கள், விரல் பருமனில், சொரசொரப்பாக. முதிர்ந்த இளசு இரவில் அதில் ஏறி, முதுகு வெடித்து, விடியலில் தட்டானாகப் பறக்கும். குச்சியில் ஒட்டியிருக்கும் சட்டையைக் கழுவிவிடாதீர்கள், எந்த இனம் குட்டையில் வளர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இன்னொன்று, மின்விளக்கு. குட்டை மேல் இரவு விளக்கு வேண்டவே வேண்டாம்.

---

நீர்முள்ளி:

செடி விஷயம் நான் சொல்றேன்.

மண்ணுல ஆரம்பிங்க. தோட்டத்து மேல்மண், மண்புழு உரம், சாணி எதுவும் குட்டைக்குள்ள போகக் கூடாது. பள்ளம் வெட்டும்போது ரெண்டடிக்குக் கீழ வர்ற சத்தில்லாத மண்ணைச் சலிச்சு, பாதிக்குப் பாதி கழுவின மணல் கலந்து 3 அங்குலம் போட்டாப் போதும். நீர்ச்செடிக்கு அது தாராளம். சத்து அதிகமானா செடிக்கு முன்னாடி பாசிதான் அதை எடுத்துக்கும், தண்ணி பச்சைச் சாயமாகும்.

உங்க 110 சதுர அடிக்கு:

ஆழப் பகுதிக்கு அல்லி ரெண்டு கிழங்கு. வெள்ளாம்பல் ஒண்ணு, நீல அல்லி ஒண்ணு வைக்கலாம். அதுக்கு மேல வேண்டாம், ஒவ்வொண்ணும் நாலஞ்சு அடி படரும். கூடையில நட்டு மேல கூழாங்கல் போடுங்க, இல்லைன்னா மண் கலங்கும். புதுச் செடியை நேரா ஆழத்துல இறக்காதீங்க. செங்கல் அடுக்கி, தண்ணி ஆறங்குலம் மேல நிக்கிற மாதிரி வெச்சு, இலை மேல வந்ததும் ஒவ்வொரு செங்கல்லா எடுக்கணும்.

தண்ணிக்குள்ள இருக்கிற செடி பத்துப் பன்னண்டு கொத்து: ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா. பச்சைத் தண்ணிய தடுக்கிறதும், தலைப்பிரட்டைக்கு ஒளிய இடம் குடுக்கிறதும் இதுங்கதான். ஹைட்ரில்லா பெருகிடும், மாசம் ஒரு தடவை கையால கொஞ்சம் எடுத்துடுங்க.

கரையோரத்துக்கு நீர்ப்பிரமி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, ஆராக்கீரை. இதெல்லாம் பதினஞ்சு இருபது துண்டு நட்டா ஒரே மழையில பிடிச்சுக்கும். ஊசித்தட்டான் பூச்சி தண்டைக் குத்தி உள்ள முட்டை வைக்கிறதால தண்டுச்செடி கட்டாயம் வேணும். கரைக்கு மேல பொடுதலை. பாதம் பட்டாலும் தாங்கும், மண்ணையும் பிடிச்சு வெக்கும். பூ சின்னதா இருந்தாலும் தேனீயும் பட்டாம்பூச்சியும் விடாது. நீர்முள்ளி வைக்கிறதா இருந்தா பையன் போற பக்கம் வேண்டாம், முள் பொல்லாதது.

வைக்கக் கூடாதது: சம்பு. எல்லாக் குளத்துலயும் அழகா நிக்கும், ஆனா கிழங்கு ஷீட்டைத் துளைக்கும், ரெண்டு வருஷத்துல குட்டையே சம்புக்காடு. தாமரையும் இந்த அளவுக்கு ஒத்துவராது, ஆசைப்பட்டா தனித் தொட்டி. வெங்காயத்தாமரை, சால்வீனியா ஒரு துண்டுகூட உள்ள வரக் கூடாது. நர்சரிச் செடியோட வேர்ல ஒட்டிக்கிட்டு வர்றது அதுகதான். வாங்கினதை அலசி, ரெண்டு வாரம் தனி டப்புல வெச்சுப் பார்த்துட்டு இறக்குங்க. பூச்சிமருந்து அடிச்ச செடியா இருந்தா அந்த ரெண்டு வாரத்துல தண்ணிய மூணு நாலு தடவை மாத்தணும்.

மொத்தத்துல பாதிப் பரப்பு செடி, பாதி வெட்டவெளி. கிழக்கு ஓரத்துல அந்த 2 அடி ஆழமில்லாத இடத்தை முழுக்கத் திறந்து விடுங்க. கூழாங்கல் மட்டும் போதும். குருவி குளிக்கிறப்போ நாலு பக்கமும் பூனை வருதான்னு பார்க்கணும். அதனால புதர் ஆறேழு அடி தள்ளி இருக்கட்டும், ஆனா பறந்து போய் உட்கார ஒரு கிளை பக்கத்துல வேணும். உங்க புங்கமரம் அதுக்கு ஆச்சு.

புங்கம் பத்தி ஒரு எச்சரிக்கை. மாசி பங்குனியில மொத்தமா இலை கொட்டும், அது சத்து மிகுந்த இலை. தினம் சல்லடைக் கரண்டியால அரிச்சு எடுத்துடுங்க. காயும் விழ விடாதீங்க, அந்த விதைக்கு மீனையும் பூச்சியையும் மயக்குற குணம் உண்டு. மேல வலை கட்டிடலாம்னு தோணும். வலையில பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும், வேண்டாம்.

---

மேட்டாங்காடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மேஸ்திரிகிட்ட பேசியாச்சு, தொட்டி வேண்டாம்னுட்டேன். மூணு சந்தேகம். ஒண்ணு, ஆடிக் காத்துலயும் கோடையிலயும் தண்ணி வத்துமே, போர் தண்ணி விட்டுக்கலாமா? ரெண்டு, பாம்பு. மூணு, பையன்.

---

டியூப்லெவல்:

போர் தண்ணீருக்குக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 110 சதுர அடி என்பது 10 சதுர மீட்டர் சொச்சம். கோடையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி ஆடியிலும், நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 60 லிட்டர். 1400 டிடிஎஸ் தண்ணீரில் லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு. நாளுக்கு 84 கிராம், 90 நாளில் ஏழரைக் கிலோ. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 3,000 லிட்டர் குட்டையில் டிடிஎஸ் கூடுதலாக 2500 ஏறிவிடும். தலைப்பிரட்டை, அல்லி இரண்டும் வாடும். ஆர்ஓ கழிவுநீர் இதைவிட மோசம்.

எனவே மட்டம் இறங்கினால் இறங்கட்டும். சரிவுக் கரை இருப்பதால் தண்ணீர் பின்வாங்கினாலும் ஓரம் ஓரமாகவே இருக்கும். இந்த வசதி நேர் சுவருக்கு இல்லை. நடுப்பள்ளத்தில் ஓர் அடிக்குக் கீழே போனால் மட்டும், சேமித்த மழைநீரை விடுங்கள். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று மாடிக் குழாயடியில் வைத்தால் அதற்குப் போதும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்தான் என்றால் வாரத்துக்கு 100 லிட்டருக்கு மேல் வேண்டாம். அடுத்த மழையில் வழிந்து ஓடும் அளவு நிறைய விட்டால் உப்பு கொஞ்சம் வெளியேறும்.

பையனுக்கு வேலிதான். நாலடி உயரம், செங்குத்துக் கம்பிகள், இடைவெளி 4 அங்குலத்துக்குள், ஏற உதவுகிற குறுக்குக் கம்பி கூடாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கம் மேலே. அடியில் 3 அங்குலம் விட்டால் தவளை போகவர வழி. தண்ணீருக்கடியில் கிரில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பள்ளத்துக்கு அது உதவும், ஆனால் சின்னக் குழந்தை குப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. வேலி இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் உள்ளே விட வேண்டாம். வேலிக்கு இப்போது பணமில்லை என்றால் குட்டையைத் தள்ளிப் போடுங்கள்.

---

ஊசித்தட்டான்:

பாம்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவளை வந்தால் தண்ணீர்ப்பாம்பு ஒருநாள் எட்டிப் பார்க்கும். அதற்கு விஷமில்லை, பிடிக்கப் போனால் மட்டும் வெறியோடு கடிக்கும். கவனிக்க வேண்டியது நல்லபாம்பும் விரியனும். அவற்றை இழுப்பது பெரும்பாலும் எலி. அப்புறம் பகலில் ஒளிய இடம். கோழித் தீவனம், சிந்திய தானியம், செங்கல் குவியல், விறகு அடுக்கு இவை வீட்டு வாசலுக்கும் குட்டைக்கும் நடுவே இருக்கக் கூடாது. தவளைக்கென்று கல்லும் கட்டையும் அடுக்குவதானால் குட்டையின் மறுபக்கம், வீட்டிலிருந்து தள்ளி. வீட்டிலிருந்து குட்டைக்குப் போகும் பாதை மூன்றடி அகலத்துக்குப் புல் வெட்டி வெறுமையாக இருக்கட்டும். இருட்டியபின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போக வேண்டாம். விஷப்பாம்பு தங்கிவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், கடித்தால் 108, கட்டுப்போட்டு இறுக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

வற்றுவதைப் பற்றி டியூப்லெவல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு கோடையில் முழுக்கக் காய்ந்தாலும் நஷ்டமில்லை. யாரோ கொண்டுவந்து விட்ட கப்பி இருந்தால் அதோடு போகும். மழையோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தட்டான் இந்த மாதிரித் தற்காலிகத் தண்ணீருக்கே பழகியது, ஆறேழு வாரத்தில் இளசுப் பருவத்தை முடித்துக்கொள்ளும். கடல் தாண்டி மாலத்தீவு வரை போகிற இனம், உங்கள் குட்டையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படாது.

தவளை முட்டையோ தலைப்பிரட்டையோ வேறு குளத்திலிருந்து கொண்டுவர வேண்டாம். நோயும் களையும் கூடவே வரும். மழை இரவுகளில் தானே வரும். கருமணி கோத்த மாலைபோல் நீளமான இழை கண்டால் தேரை. தண்ணீருக்கு மேலே இலையிலோ வேலியிலோ வெள்ளை நுரை உருண்டை கண்டால் மரத்தவளை. அழுக்கு என்று துடைத்துவிடுவார்கள், வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். சில நாளில் நுரை இளகித் தலைப்பிரட்டைகள் தண்ணீரில் சொட்டும். ஆமை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஊர் ஆமைகள் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருபவை. கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை அயல்நாட்டது, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கும்.

---

வண்ணமீன்:

சரி, இந்தக் குட்டைக்கு மீன் வேண்டாம், ஒத்துக்கறேன். மொட்டைமாடியில 6க்கு 4 அடி ஷீட் தொட்டி, ரெண்டடித் தண்ணி வெச்சு இதே மாதிரி பண்ணலாமா?

---

டியூப்லெவல்:

வேண்டாம். ஓர் அடித் தண்ணீரே சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. இரண்டடி என்றால் நாலு மடங்கு. 6 அங்குல ஆழத்தோடு நிறுத்தி, மண், கல் எடையையும் கூட்டிப் பார்த்து, சுவருக்கோ பீமுக்கோ நேர்மேலே வைக்க முடியுமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

---

நீர்முள்ளி:

ஆறங்குலம்னா நண்பகல்ல தண்ணி கொதிக்கும், அதையும் சேர்த்து யோசிங்க. ரெண்டு மணிக்கு மேல நிழல் விழற மூலையா இருக்கணும், பாதிக்கு மேல ஆராக்கீரை மூடியிருக்கணும். தவளை மாடிக்கு வர்றது அபூர்வம், குருவியும் தேனீயும் வரும்.

மேட்டாங்காடு, விட்டுப்போன ஒண்ணு. சுத்தம் பண்றதை மட்டம் குறைஞ்சிருக்கிற சித்திரை வைகாசியில வெச்சுக்குங்க, அதுவும் ஒரு வருஷம் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறுபாதி. எடுத்த சேறையும் செடியையும் கரையிலயே ரெண்டு நாள் போட்டு வைங்க, உள்ள இருக்கிற பூச்சியெல்லாம் ஊர்ந்து தண்ணிக்குத் திரும்பிடும். அப்புறம் தென்னைக்கு அடியில போடுங்க. இழைப்பாசி வந்தா சொரசொரப்பான குச்சியை விட்டுச் சுத்தி எடுங்க. மயில்துத்தம் போட்டா உடனே தெளியும்னு கடையில சொல்வாங்க, நத்தையும் தலைப்பிரட்டையும் சேர்ந்து போயிடும்.